பள்ளிப்படை: சொல்லும் அது குறித்த இடமும்

அமராவதிக் கரையிலுள்ள தாராபுரத்துக்கு விராடபுரம் என்றொரு பழம்பெயரை ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பாண்டவர் மறைந்து வாழ்ந்த விராடனின் தலைநகர் இதுதான் என்பது வழிவழியாக வந்த கதை. கொங்குச் சோழர் காலத்தில் இதே ஊர் இராசராசபுரம் என்று அழைக்கப்பட்டது. புராணம் ஒரு பெயரும் அரசு ஒரு பெயரும் வைத்த இந்த நிலத்தில், இறந்தோரைப் புதைத்த பழைய கற்களையும் மக்கள் பாண்டவரோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். வட்டமாகக் கல் நட்ட குழி கண்ணில் பட்டால் அது ‘பாண்டவர் குழி’. அதை அமைத்தவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை.

பெருங்கல்லறைகளைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. தாழி, பதுக்கை, கோட்டம், பள்ளிப்படை, சமாதி, கோரி, நினைவிடம் என அந்த வரிசை நீளும். இவற்றுள் அரசர்க்கென்றே நின்றது பள்ளிப்படை ஒன்றுதான். சோழர் கல்வெட்டுகளில் வந்து பிறகு மறைந்துபோன இந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? அது கல்லறையைக் குறித்ததா, கோயிலைக் குறித்ததா? எங்கிருந்து பிறந்தது? இக்கட்டுரை ஆராய்வது இதைத்தான்.

கொங்கின் குழிகள்

அரசர் கல்லறைக்கு முன்னால் எளியவர் கல்லறையைப் பார்ப்பது நல்லது. தாராபுரத்துக்கு வடக்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பது அறிஞர் பலர் ஏற்ற முடிவு. தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் பேராசிரியர் கா. ராஜன் 1985இல் தொடங்கிய அகழாய்வு இங்கே வாழ்விடத்தையும் ஈமக்காட்டையும் சேர்த்தே வெளிக்கொணர்ந்தது. பெரிய பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கற்பதுக்கைகள், அவற்றின் ஒரு பக்கக் கல்லில் வட்டமாகக் குடைந்த இடுதுளைகள், சுற்றிலும் கல்வட்டங்கள், உள்ளே சூதுபவள மணிகள், இரும்பு வாள்கள், தமிழி எழுத்துப் பொறித்த பானைகள் எனக் கிடைத்தவை பல. இறந்தவருக்கு வீடு கட்டுவதுபோலவே கட்டியிருக்கிறார்கள்.

மக்கள் இட்ட பெயர்களிலும் அந்த வீட்டு நினைவு தங்கியிருக்கிறது. தருமபுரி, கிருட்டிணகிரிப் பக்கம் இவை மோரியர் வீடு. வேறு இடங்களில் வாலியர் வீடு, குள்ளர் வீடு, குரங்குப் பட்டறை. மாண்டவர் குழி என்பதே பாண்டவர் குழி என்று திரிந்தது என்பாரும் உண்டு. அப்படித் திரிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், விராடபுரக் கதை வழங்கும் ஊர்ப்புறத்தில் பாண்டவர் என்ற பெயர் நிலைத்ததில் வியப்பில்லை. இவையெல்லாம் பிற்காலத்தவர் தந்த பெயர்கள். தாழியும் பதுக்கையும் மட்டுமே சங்கப் பாடல்களில் வந்து, அந்தக் காலத்து வாயிலிருந்தே நமக்குக் கிடைத்த சொற்கள். சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது, அவனைக் கவிக்கும் அளவுக்குப் பெரிய தாழியை எப்படி வனையப் போகிறாய் என்று குயவனிடம் கேட்கிறார் ஐயூர் முடவனார். அரசனுக்கும் அன்று தாழிதான். அளவில்தான் பெருமை, பெயரில் வேறுபாடு இல்லை.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்துக் காதைக்கு வரும்போது நிலை மாறியிருக்கிறது. பிணத்தை எரிப்பது, வெறுமனே போட்டுவிடுவது, தோண்டிய குழியில் படுப்பது, பள்ளத்தில் அடைத்து வைப்பது, தாழியால் கவிப்பது என ஐந்து வழக்கங்களை அந்தக் காதை வரிசைப்படுத்துகிறது. அதற்குமேல், சுட்ட செங்கல்லால் உயர எழுப்பிய கோட்டங்கள் அங்கே நின்றதையும் சொல்கிறது. துறவியர்க்கும் அரசர்க்கும் கணவனோடு உயிர்விட்ட பெண்களுக்கும் தனித்தனியாக, வருணத்துக்கு ஏற்றபடி பெரிதும் சிறிதுமாக அவை எழுந்திருந்தன. சுடுகாட்டிலும் சாதியும் பதவியும் நுழைந்துவிட்டதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பழைய சான்று தமிழில் வேறில்லை. ஆனால் இங்கும் அரசனுக்கெனத் தனிச்சொல் இல்லை. எல்லாமே கோட்டம்தான்.

‘பள்ளி’யின் மூன்று வழிகள்

பள்ளிப்படை என்ற கூட்டுச்சொல்லில் முதலில் வரும் ‘பள்ளி’யைப் பற்றி இரண்டு கருத்துகள் நெடுங்காலமாகச் சொல்லப்படுகின்றன.

முதலாவது, பள்ளி என்றால் துயிலிடம். பள்ளியறை, பள்ளிகொள்ளுதல், பள்ளியெழுச்சி எல்லாம் இந்தப் பொருளில் வருபவை. அரசன் இறந்ததைச் ‘செத்தான்’ என்று சொல்லாமல் ‘துஞ்சினான்’ என்பது பழைய மரபு. புறநானூற்றின் கொளுக்களில் வெள்ளியம்பலத்துத் துஞ்சியவன், கூடகாரத்துத் துஞ்சியவன், குளமுற்றத்துத் துஞ்சியவன் என்று அரசர்கள் தாம் இறந்த இடத்தாலேயே அடையாளப்படுகிறார்கள். சோழரும் இதைத் தொடர்ந்தனர். சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சின தேவர். தக்கோலத்தில் 949இல் களிற்றின் மேலிருந்தபடி மாண்ட இராசாதித்தன் ஆனைமேல் துஞ்சினவன். சாவு உறக்கமானால், புதைத்த இடம் படுக்கையறை ஆவது இயல்பு.

இரண்டாவது, பள்ளி என்றால் சமணர், பௌத்தர் உறைவிடம். உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட சமணத் துறவிகளுக்கு நினைவிடம் எழுப்பும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றத்தில் 57 நாள் உண்ணாதிருந்து மறைந்த சந்திரநந்தி ஆசிரியரின் ‘நிசீதிகை’ கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கொங்கிலும் இதற்குச் சான்றுண்டு. விசயமங்கலத்துச் சமணக் கோயிலில், கங்கரின் அமைச்சன் சாவுண்டராயனின் தங்கை புலியப்பை நோன்பிருந்து உயிர்நீத்ததன் நினைவுக்கல் இருக்கிறது. குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பெயர்களைக் காட்டி, இவர்கள் சமணப் பள்ளிகளில் உயிர்விட்ட அரசர்கள் என்றும், பள்ளிப்படையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்றும் வாதிடுவோர் உண்டு.

கவர்ச்சியான வாதம்தான். ஆனால் அது நிற்கும் கால்கள் மெலிந்தவை. குராப்பள்ளி, இலவந்திகைப்பள்ளி ஆகியவற்றில் பள்ளி என்பது இடப்பெயரின் ஈறு. பள்ளி என்று முடியும் ஊரெல்லாம் சமணர் ஊர் ஆகிவிடாது. அரசர்க்கு எழுப்பிய பள்ளிப்படைகளோ, பெயர் தெரிந்தவரை, ஒவ்வொன்றும் சிவன் கோயில்கள். சமணரிடம் நிசீதிகை என்ற சொல் தயாராக இருந்தும், அந்தச் சொல் அரசர் கல்லறைக்கு வரவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அது போதிய கவனம் பெறவில்லை. அரசனைச் சார்ந்த பொருள்களுக்குப் ‘பள்ளி’ ஓர் உயர்வு அடைமொழியாக வந்திருக்கிறது. பாண்டியர் கல்வெட்டுகளில் அரசன் வீற்றிருந்து ஆணையிடும் இருக்கை பள்ளிப்பீடம், பள்ளிக்கட்டில். அதன்மேல் அமர்ந்து ஆட்சி செய்தான் என்றுதான் இருக்கிறதே தவிர, உறங்கினான் என்று இல்லை. மலையாளத்தில் இன்றும் இந்த வழக்கு உயிரோடிருக்கிறது. அரசனும் தெய்வமும் ஆடும் வேட்டை பள்ளிவேட்டை, அவர்கள் ஏந்தும் வாள் பள்ளிவாள். வேட்டைக்கும் வாளுக்கும் உறக்கத்தோடு என்ன தொடர்பு? இங்கே பள்ளி என்பது ‘அரசர்க்குரிய’, ‘திரு’ என்ற பொருளில் நிற்கிறது. கொங்கும் சேரநாடும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒன்றோடொன்று கலந்திருந்த நிலங்கள் ஆதலால், சேரநாட்டில் தங்கிய பழஞ்சொல் தமிழகத்து வழக்கை விளக்கப் பயன்படுவதில் தடையில்லை.

துயில் என்ற பொருளிலிருந்தே இந்த அடைமொழி கிளைத்திருக்கலாம். ஆனாலும் சோழர் காலத்தில் பள்ளிப்படை என்று கேட்டவர் காதில் ‘உறங்கும் இடம்’ என்பதைவிட ‘அரசர்க்குச் செய்த’ என்பதே முதலில் ஒலித்திருக்க வேண்டும் என்று இக்கட்டுரை கருதுகிறது.

‘படை’: போரா, படுக்கையா?

இன்றைய வாசகருக்குப் படை என்றதும் சேனை நினைவுக்கு வரும். அதனால்தான் பள்ளிப்படை என்பதைப் போரில் இறந்த அரசனின் கல்லறை என்று விளக்கிவிடுகிறார்கள். இந்த விளக்கம் சான்றோடு ஒத்துப்போகவில்லை. பட்டீச்சரத்துக்கு அருகே பள்ளிப்படை பெற்ற பஞ்சவன்மாதேவி போர்க்களம் சென்றவர் அல்லர். முதலாம் இராசராசனின் தேவியருள் ஒருவர். போரில் வீழ்ந்தது உறுதியாகத் தெரிந்த இராசாதித்தனுக்கோ பள்ளிப்படை என்ற பெயரில் எதுவும் கிடைக்கவில்லை.

படையல் என்பதை வைத்து, இறந்தோர்க்குப் படைக்கும் இடம் என்போரும் உண்டு. வழிபாட்டுக் கட்டளைகள் இந்தக் கோயில்களில் இருந்தன என்பதால் இது முற்றிலும் ஒதுக்கத்தக்கது அன்று. எனினும் படு என்ற வேர் இன்னும் வலுவானது. படு என்பது கிடத்தலும் வீழ்தலும் சாதலும் ஆகும். செங்கம் வட்டாரத்து நடுகற்கள் நிரை மீட்டு வீழ்ந்தவனைப் ‘பட்டான்’ என்றே சொல்லும். மணிமேகலை சொல்லும் குழிப்புதைப்புக்கும் வினைச்சொல் படுத்தல்தான். கொச்சி அரசரும் கோழிக்கோட்டுச் சாமூதிரியும் இறந்தால் ‘தீப்பெட்டு’ என்பது மலையாள வழக்கு. தீயில் பட்டார் என்பதுதான் அதன் பொருள். அரசனின் சாவைச் சொல்லத் துஞ்சுதலுக்குப் பக்கத்தில் படுதலும் நின்றிருக்கிறது.

கொங்கில் இந்த வேர் இன்றும் மக்கள் நாவில் இருக்கிறது. பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மாரின் கதையை உடுக்கடித்துப் பாடும் ஊர்களில், கதையின் உச்சம் படுகளம். அண்ணன்மார் மாண்ட இடமாக மக்கள் வணங்கும் வீரப்பூர்ப் பகுதியிலும் மாசித் திருவிழாவில் அதுவே நடக்கிறது. கதை கேட்டிருந்தவர்களில் சிலர் அருள் வந்து சாய்வார்கள். அவர்களைப் பிணம்போல வரிசையாகக் கிடத்தித் துணி போர்த்துவார்கள். பிறகு தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். இதைப் ‘படுகளம் விழுறது’, ‘படுகளம் எழுப்புறது’ என்பார்கள். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் தங்கி, இந்தக் கதையைப் பாடகர் வாய்மொழியாக ஒலிப்பதிவு செய்தார். தாராபுரம், காங்கயம் வட்டாரத்துக் குடியானவருக்குப் படுகளம் என்ற சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை.

படு, படை என்ற உறவைக் கெடு, கேடு போன்ற நீட்சியாகக் கொள்ள முடியாது. ஐகார ஈற்றுத் தொழிற்பெயராகக் கொள்ளலாம். கொல் கொலை ஆவதும் நடு நடை ஆகாததும் இந்த வகையில் எச்சரிக்கை தருகின்றன. எனவே இதை முடிந்த முடிவாகச் சொல்வதற்கில்லை. ஆனால் சொல்லமைப்பும் வழக்கும் சான்றும் ஒன்றாக இசையும் பொருள் இதுவே: பள்ளிப்படை என்பது அரசர்க்குரிய படுத்தல், மன்னரைக் கிடத்தியது.

கல்வெட்டில் சொல் நிற்கும் இடம்

சொல்லின் பொருளை அகராதியைவிட, அது நிற்கும் தொடர் தெளிவாகக் காட்டும். நான்கு இடங்கள் இங்கே முக்கியம்.

முதலாவது திருக்காளத்திக்கு அருகிலுள்ள தொண்டைமானாடு. கொங்கை வென்று, அங்கிருந்து கொணர்ந்த பொன்னால் தில்லைச் சிற்றம்பலத்துக்கு முகடு வேய்ந்தவன் என்று நம்பியாண்டார் நம்பி போற்றும் முதலாம் ஆதித்தன் அங்கே 907 அளவில் இறந்தான். அவன் நினைவாக மகன் முதலாம் பராந்தகன் எடுத்த ஆதித்தேசுவரத்தைப் பற்றிப் பராந்தகனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு பேசுகிறது. விழா நாள்களில் பெருந்திரளானோர்க்கு அங்கே சோறிட ஏற்பாடு இருந்தது. உண்டவர்களில் மாவிரதிகள் என்ற சைவத் துறவியரும் அடங்குவர். கொங்குநாட்டின் வரலாற்றைத் திருப்பிய அரசனின் கல்லறை கொங்கில் இல்லை, ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. இராசராசபுரம் எனப் பெயர் பூண்ட தாராபுரத்தில் பள்ளிப்படை என்ற சொல்லைத் தேடிப் பயனில்லாமல் போவதற்கும் இதுவே காரணம்: இங்கே அது எழுந்தது அரசன் இறந்த ஊரில், அவன் வென்ற நிலத்தில் அன்று.

இரண்டாவது மேல்பாடி. வேலூர்ப் பக்கம் பொன்னை ஆற்றங்கரையில், ஆற்றூரில் துஞ்சிய தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு முதலாம் இராசராசன் எடுத்த அரிஞ்சிகை ஈச்சரம் இன்றும் நல்ல நிலையில் நிற்கிறது. பள்ளிப்படையாக எடுப்பித்த கோயில் என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. மூன்றாவது, மேலே சொன்ன பஞ்சவன்மாதேவீச்சரம். பழுவேட்டரையர் குடியில் பிறந்த அந்தத் தேவிக்காக முதலாம் இராசேந்திரன் காலத்தில், 1019 அளவில் எழுந்தது. இன்று ஊரார் இதை இராமநாதன் கோயில் என்கிறார்கள். நான்காவது பாண்டிநாட்டில், திருச்சுழிக்கு அருகே பள்ளிமடம் என்ற ஊரிலுள்ள சுந்தரபாண்டிய ஈச்சரம்.

இந்த இடங்களில் ‘பள்ளிப்படை’ தனியே நின்று கட்டடத்தைக் குறிக்கும் பெயராக இல்லை. ‘பள்ளிப்படையாக’ என்று ஆக்கச்சொல்லோடு வருகிறது. அல்லது ஈச்சரம் என்ற பெயருக்கு முன்னொட்டாக வருகிறது. கட்டடத்தின் பெயர் ஈச்சரம். அது எதற்காக எழுந்தது என்பதைச் சொல்லும் சொல் பள்ளிப்படை. இந்த வேறுபாட்டைக் கவனியாமல், கோயிலா கல்லறையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதால்தான் விவாதம் முடிவில்லாமல் சுற்றுகிறது. கல்வெட்டை எழுதியவர்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தன. இரண்டுக்கும் சொல் வைத்திருந்தார்கள்.

கிரேக்க உலகத்து வரலாற்றோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். காரியா நாட்டை ஆண்ட மௌசோலசு கி.மு. 353இல் இறந்தான். அவன் மனைவி ஆர்ட்டெமிசியா ஆலிகார்னசசில், அதாவது இன்றைய துருக்கியின் போத்ரும் நகரில், பிரம்மாண்டமான கல்லறையை எழுப்பினாள். உலக அதிசயங்களில் ஒன்றாக அது எண்ணப்பட்டது. அவன் பெயரே பின்னர் ஐரோப்பிய மொழிகளில் எல்லாப் பெருங்கல்லறைக்கும் பொதுப்பெயர் ஆயிற்று. தமிழகத்தில் அரசன் பெயர் இறைவன் பெயரோடு சேர்ந்தது: அரிஞ்சிகை ஈச்சரம், ஆதித்தேசுவரம், பஞ்சவன்மாதேவீச்சரம். அரசன் இலிங்கத்துக்குப் பெயரானான். காலம் போகப் போகப் பெயரிலிருந்தும் உதிர்ந்து, இராமநாதன் கோயில்போல வேறொரு பெயருக்கு இடம்விட்டான்.

அடியில் என்ன இருக்கிறது?

பள்ளிப்படைக் கோயில்களின் கருவறைக்குக் கீழே எலும்போ சாம்பலோ வைக்கப்பட்டதா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ஆகம நெறியில் பிணத்தோடு தொடர்புள்ள இடத்தில் திருவுருவம் நிறுவலாகாது என்று ஒருசாரார் மறுக்கிறார்கள். அந்த மறுப்பு அத்தனை எளிதில் நிற்காது. பஞ்சவன்மாதேவீச்சரத்தின் பொறுப்பு இலகுளீச பண்டிதர் ஒருவரிடம் இருந்தது. தொண்டைமானாட்டில் மாவிரதிகளுக்குச் சோறு. இவர்கள் சார்ந்த பாசுபத, காளாமுக மரபினருக்குச் சாம்பலும் சுடுகாடும் தீட்டல்ல, வழிபாட்டின் பகுதி. ஆகமச் சைவத்தின் கண்ணாடி வழியே மட்டும் இந்தக் கோயில்களைப் பார்த்தால் பிழைதான் மிஞ்சும். வேலூர்ப் பகுதிச் சோழபுரத்தில், தந்தையைப் புதைத்த இடத்தில் கங்கர் குலத் தலைவன் ஒருவன் சிவன் கோயிலோடு ‘அதீதகரம்’ என்ற இறந்தோர் இல்லம் ஒன்றையும் எழுப்பினான் என்று கல்வெட்டே சொல்வதும் இங்கே நினைக்கத்தக்கது.

ஆயினும் எல்லாப் பள்ளிப்படையின் கீழும் உடல் உண்டு என்று அடித்துச் சொல்வதும் தவறு. இதற்கு யாவகத்திலிருந்து (ஜாவா) ஒரு பாடம் கிடைக்கிறது. அங்குள்ள சண்டி என்ற கற்கோயில்கள் அரசர் கல்லறைகள் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. கருவறைக்குக் கீழே குழிகளில் கிடைத்த பேழைகளில் இருந்தது அரசனின் சாம்பல் என்று எழுதினார்கள். இந்தோனேசியத் தொல்லியலாளர் சுக்மோனோ 1974இல் அளித்த ஆய்வேட்டில் இதை மறுத்தார். பேழைகளில் இருந்தவை பொன்னேடும் மணியும் தானியமும் போன்ற பிரதிட்டைப் பொருள்கள். சண்டி என்பது இறந்த அரசனைத் தெய்வத்தோடு சேர்த்து வழிபட்ட கோயிலே அன்றிக் கல்லறை அன்று என்று காட்டினார். தமிழகத்துக் கோயில்களிலும் கருவறைக்குக் கீழே பிரதிட்டைப் பொருள் இடுவது வழக்கம். எதை எது என்று கொள்வது என்பதில் அவசரம் கூடாது. மேல்பாடியில் ‘ஆற்றூரில் துஞ்சிய’ என்று இறந்த இடமும் கோயில் எழுந்த ஊரும் தனித்தனிப் பெயரோடு நிற்கின்றன. இரண்டு தலைமுறை கழித்துப் பேரன் எடுத்த கோயில் அது. அங்கே படுத்தல் என்பது உடலைக் கிடத்தியதைக் குறித்ததா, நினைவை நிறுத்தியதைக் குறித்ததா என்பது திறந்தே இருக்கும் கேள்வி.

சிதைக்கப்பட்ட ஒரு சொல்

பஞ்சவன்மாதேவீச்சரக் கல்வெட்டில் ஆய்வாளர்கள் கண்ட ஒரு செய்தி இந்தச் சொல்லின் பிற்கால வரலாற்றையே சொல்லிவிடுகிறது. அங்கே ‘பள்ளிப்படை’ என்ற சொல் மட்டும் வேண்டுமென்றே சிதைக்கப்பட்டிருக்கிறது. கோயிலின் பெயரை விட்டுவைத்தார்கள், அரசனின் பெயரை விட்டுவைத்தார்கள், கொடைகளை விட்டுவைத்தார்கள். உளிபட்டது ஒற்றைச் சொல்லின்மேல்தான். யார் செய்தது, எப்போது செய்தது என்று கல் சொல்லவில்லை. ஏன் என்பதை ஊகிப்பது கடினமல்ல. காளாமுகர் செல்வாக்கு மங்கி, ஆகமத் தூய்மை மேலோங்கிய காலத்தில், தாம் வழிபடும் கோயில் சாவோடு தொடர்புடையது என்று எழுதியிருப்பது சிலரை உறுத்தியிருக்கும்.

ஒரு பெண்ணுக்கு எழுப்பியதாக வெளிப்படையாகப் பெயர்சொல்லி நிற்கும் பள்ளிப்படை அது. சிற்றன்னைமேல் வைத்த மதிப்பை இராசேந்திரன் கல்லில் எழுதச்செய்தான். பின்வந்த யாரோ அந்த எழுத்தின் பொருளைப் பறித்தார்கள். தமிழகக் கல்வெட்டு வரலாற்றில் வருந்தத்தக்க அழிவுகள் பல. இது அவற்றில் முன்வரிசையில் வைக்கத்தக்கது.

உடையாளூரும் பிரம்மதேசமும்

மறைந்துபோன சொல்லை இருபதாம் நூற்றாண்டில் வீடுதோறும் கொண்டுசேர்த்தவர் கல்கி. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தபோது, திருப்புறம்பியத்துப் பள்ளிப்படை சதிகாரர்கள் இரவில் கூடும் இடமாக வாசகர் மனத்தில் பதிந்தது. கங்க மன்னன் பிரிதிவீபதி வீழ்ந்த போர்க்களத்து ஊர் அது. இந்த நாவலின் வழியாகத்தான் பள்ளிப்படை என்றால் போரில் இறந்த அரசனின் காட்டுக் கல்லறை என்ற எண்ணம் வேரூன்றியது. சொல்லை மீட்டுத் தந்ததற்காகக் கல்கிக்கு நன்றி சொல்ல வேண்டும். அதன் பொருளுக்கு நாவலைச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

இந்தக் குழப்பம் உச்சத்துக்குச் சென்றது கும்பகோணத்துக்கு அருகிலுள்ள உடையாளூரில். முதலாம் இராசராசனின் சமாதி இங்கேதான் இருக்கிறது என்ற நம்பிக்கை பரவலானது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்குச் சென்று, 2019இல் தொல்லியல் துறை அங்கே ஆய்வு நடத்தியது. நம்பிக்கைக்கு அடிப்படை, பால்குளத்தம்மன் கோயிலில் கிடைத்த ஒரு தூண் கல்வெட்டு. முதலாம் குலோத்துங்கனின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, சிவபாதசேகரரான இராசராச தேவரின் திருமாளிகையின் முன்பகுதியைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. அங்கே வரும் சொல் திருமாளிகை. பள்ளிப்படை இல்லை, துஞ்சிய என்ற சொல்லும் இல்லை. அரசன் 1014இல் மறைந்தான். கல்வெட்டு ஏறத்தாழ நூறாண்டு பிந்தியது. திருமாளிகை என்பது அரண்மனையாகலாம், படிமம் எழுந்தருளிய மண்டபமாகலாம். கல்லறை என்று கொள்ள அந்த ஒரு சொல் போதாது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவனுக்கு ஒரு கல்லறை வேண்டும் என்ற மக்களின் ஆசை மதிக்கத்தக்கது. அதற்காகக் கல்வெட்டைச் சொல்லாததைச் சொல்லவைக்கலாகாது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு செய்யாற்றுப் பக்கத்துப் பிரம்மதேசம். அங்குள்ள சந்திரமௌலீசுவரர் கோயிலில் முதலாம் இராசாதிராசனின் 26ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, இராசேந்திரன் மறைந்ததையும் அவன் தேவி வீரமாதேவி உடன்கட்டை ஏறியதையும், தமக்கையின் நினைவாக அவள் உடன்பிறந்தான் தண்ணீர்ப்பந்தல் வைக்கக் கொடை தந்ததையும் சொல்கிறது. அரசனின் சாவு இவ்வளவு தெளிவாகப் பதிவான இடத்தில்கூடப் பள்ளிப்படை என்ற சொல் இல்லை. கங்கை வரை படை நடத்தியவனுக்குக் கிடைத்த நேரடிச் சான்று ஒரு தண்ணீர்ப்பந்தல்.

பின்வந்த சொற்கள்

சோழருக்குப் பின் சொல் தொடரவில்லை. தஞ்சை மராத்தியரின் சமாதிகள் இருக்கும் இடம் இராசா கோரி. கோரி பாரசீகத்தில் கல்லறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இந்து அரசரின் சுடலைக்கு அந்தப் பெயர் அமைந்தது அக்காலத் தஞ்சையின் பேச்சு எவ்வளவு கலந்திருந்தது என்பதைக் காட்டுகிறது. சமாதி, துறவியின் தியான நிலையைக் குறித்துப் பின் துறவியைப் புதைத்த இடத்துக்காகி, அங்கிருந்து அரசியல் தலைவர்க்கும் வந்தது. 1969இல் அண்ணாவை மெரினாவில் அடக்கம் செய்த பிறகு சென்னைக்கு வரும் வெளியூர்க்காரர் ‘அண்ணா சமாதி’ பார்க்கப் போனார்கள். அரசு ஏடுகளில் நினைவிடம். பேருந்து நடத்துநர் வாயில் சமாதி.

கொங்கிலோ சிறு கோயில்கள் பழைய சொற்களைக் காத்துவைத்திருக்கின்றன. கணவனோடு உயிர்விட்டவள் வீரமாத்தி. அவளுக்கு நட்ட கல்லிருக்கும் இடமும், இராசகம்பளத்தார் தம் முன்னோர்க்குக் கல் நட்டு வழிபடும் இடமும் மாலைக்கோயில். மேல்பாடியில் ஈச்சரம் என்பதுபோல, இங்கும் கட்டடத்துக்குப் பெயர் கோயில்தான். சாவைச் சொல்வது முன்னால் நிற்கும் சொல். அரசர்க்குச் செய்ததும் குடியானவர் செய்ததும் ஒரே அமைப்பில் பெயர் பெற்றிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. அமராவதி, நொய்யல் கரை ஊர்களில் மாலைக்கோயில், வீரமாத்தி, படுகளம், பாண்டவர் குழி ஆகிய பெயர்கள் எந்தெந்த இடத்துக்கு வழங்குகின்றன என்று ஊர்வாரியாகத் தொகுக்க வேண்டும். தோட்டத்தைச் சமன்படுத்தும்போது கல்வட்டங்கள் பெயர்த்தெறியப்படுகின்றன. பெயர் சொல்லத் தெரிந்த முதியவர்களும் குறைந்து வருகிறார்கள். பள்ளிப்படை என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி இனி எழும் எந்த வாதத்துக்கும் சோழர் கல்வெட்டுகளோடு இந்தத் தொகுப்பும் சான்றாக வேண்டியிருக்கும்.